தகரக் கேட்காரரின் முகம்

ஈயம் உருகும்போது ஒரு புகை எழும். சாம்பிராணிக்குத் தங்கை முறை ஆகிற வாசனை அது. கொஞ்சம் இனிக்கும், கொஞ்சம் தொண்டையைக் கீறும். போன வாரம் ஹைதராபாத் அமீர்பேட்டையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆள் குனிந்தபடியே உட்கார வேண்டிய ஒரு கைப்பேசிக் கடையில், என் போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கடைக்காரர் சால்டரிங் அயனை வைத்தார். புகை வந்தது. அவ்வளவுதான். நாற்பதை நெருங்குகிற ஒரு பெண்பிள்ளை, கையில் டோக்கன் சீட்டோடு நடைபாதையில் நின்று அழுவதற்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் பயந்துவிட்டார். "டேட்டா எங்கயும் போகாது மேடம், எல்லாம் உள்ளயே இருக்கும்" என்று இந்தியில் சமாதானம் சொன்னார்.

எங்கேயும் போகவில்லை. எல்லாம் உள்ளேயேதான் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

சிகந்திராபாத்தில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. முன்னறையில் பாதியை ஒரு மேசை பிடித்துக்கொண்டிருந்தது. மேசை சித்தப்பாவுடையது. அதன் கீழேதான் அவருடைய படுக்கை, பெட்டி, செருப்பு எல்லாம். அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை. மல்லாபூரில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் காயில், அதாவது மோட்டாருக்கான கம்பிச்சுருள், சுற்றுகிற வேலையில் இருந்தார். ஒருநாள் காலையில் போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேல் ஒரு நோட்டீஸ். நோட்டீசைப் படித்துவிட்டு எல்லாரும் டீ குடித்தார்களாம். அப்புறம் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த மேசையும் அவரும்தான்.

மேசையின் மேல் ஒரு ரயில் நிலையம் இருந்தது. ரயில் இல்லை.

இதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து இங்கே வந்தது. அப்பாவின் பாட்டனார் கண்டோன்மெண்டில் ஒரு மேஜர் வீட்டில் சமையற்காரர். மேஜர் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது, அவர்கள் பிள்ளைகள் தங்கள் பொம்மை ரயிலில் எஞ்சினையும் பெட்டிகளையும் தண்டவாளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பாரம் அதிகம் என்று மிச்சத்தை ஒரு மரப்பெட்டியில் போட்டுச் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் என்றால் ஒரு கைகாட்டி மரம், இரண்டு விளக்குக் கம்பங்கள், தண்ணீர்த் தொட்டி, ஒரு நடைமேடை, ரயில்வே கேட்டில் காவல் நிற்கிற கேட்காரரின் குடிசை. எல்லாம் தகரம். ரயிலைக் கொண்டுபோய்விட்டு, ரயில் வருவதற்கான ஏற்பாடுகளை மட்டும் எங்களுக்கு விட்டுச் சென்றார்கள். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் ஒரு ஸ்டேஷன் காத்துக்கொண்டிருந்தது. இந்த வீட்டு ஆம்பிளைகளுக்கு ஏற்ற சொத்துதான் என்று அம்மா சொல்வாள்.

எல்லாவற்றிலும் அழகு அந்தக் குடிசை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதில் அடங்கிவிடும். சிவப்புக் கூரை, பச்சைக் கதவு. தரைக்கு அடியில் ஒரு காயில். ரயில் வந்து தண்டவாளத்தை அமுக்கினால் மின்சாரம் ஓடிக் கதவு படக்கென்று திறக்கும். நீலக் கோட்டுப் போட்ட ஒரு கேட்காரர் லாந்தரோடு வெளியே சுழன்று வந்து நிற்பார். ரயில் போனதும் உள்ளே போய்விடுவார். ரயில்தான் இல்லையே. அதனால் சித்தப்பா தன் பதினைந்து வயதிலேயே அதற்குக் காலிங்பெல் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டார். சீரியல் செட்டிலிருந்து ஒரு பொடி பல்பைப் பிடுங்கி லாந்தருக்குள் வைத்தார். போதாததற்கு அந்த வெள்ளைக்காரக் கேட்காரரின் ரோஜாக் கன்னங்களுக்கு நடுவே முறுக்கு மீசை ஒன்றை எனாமல் பெயிண்டில் வரைந்து, தொப்பியின் மேல் முண்டாசும் கட்டிவிட்டார். லாலாகூடா கேட்டில் நின்ற யாரோ ஒருவருடைய மீசையாம் அது.

ஊரில் அப்போது மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அமீர்பேட்டைச் சுவர்களில் காரை தெரியாமல் கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரங்கள். யாரைப் பார்த்தாலும் யாரோ ஒரு பிள்ளை அமெரிக்கா போகிற பேச்சு. எனக்குப் பதினோரு வயது. ஊர் முழுக்க ஏதோ ஒன்றில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முன்னறையில் மட்டும் ஒருவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிக்கொண்டு தகரத்தைச் சுரண்டி, ஈயத்தை உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, பட்டான்செருவில் ஒரு ரசாயன ஆலையில் சூப்பர்வைசர். சித்தப்பாவுக்கு அங்கே ஹெல்பர் வேலை சொல்லிவைத்திருந்தார். ஷிப்டு வேலை, ஆறு பேர் தங்குகிற ரூம். சித்தப்பா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு மார்பில் வீசிங் உண்டு.

"அங்க காத்தே மஞ்சளா இருக்கு அண்ணி. எனக்கு மூச்சு வராது."

"அங்கயும் ஜனங்க மூச்சு வுட்டுக்கினுதான் இருக்காங்க தம்பி. இங்க இன்னா, மேசைக்கு மூச்சு வுடக் கத்துக் குடுக்கறீங்களா?"

அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. நான் சமையல்கட்டில் அரிசி டின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தசரா முடிந்ததும் பதில் சொல்லியாக வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அதற்குள்தான் ஒரு மனிதர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் சித்தப்பா ஒரு கடிகார ஸ்பிரிங்குக்காகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அவரும் கிளறிக்கொண்டிருந்தாராம். அமெரிக்காவில் பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய சாப்ட்வேர்க்காரர், தெலுங்குக்காரர். வீட்டில் ஓர் அறை முழுக்கப் பொம்மை ரயில் ஓடுகிறது. ஆனால் ஓரத்தில் நிற்க வேண்டிய பழைய சாமான்கள் கிடைக்கவில்லை. ரயில் இருக்கிறவருக்கு ஸ்டேஷன் இல்லை, ஸ்டேஷன் இருக்கிறவருக்கு ரயில் இல்லை. மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் அவர் கார் நின்றதில் சந்தில் சைக்கிள்கூடப் போக முடியவில்லை.

குடிசையை அவர் கையில் எடுத்தார். காயில் எரிந்துபோய்க் கேட்காரர் கதவில் பாதியில் சிக்கிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே போகவும் முடியாமல் வெளியே வரவும் முடியாமல் ஒரு தோள் மட்டும் தெரியும். அந்தத் தோளை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். காயிலைச் சரிசெய்ய வேண்டும். ஸ்விட்ச், பல்பு, மீசை, முண்டாசு என்று பின்னால் சேர்த்த எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஆனால் அடியில் இருக்கிற பழைய வண்ணத்தைத் தொடக் கூடாது. "ரங்கு மாத்ரம் முட்டுகோவத்து" என்று இரண்டு தடவை சொன்னார். துருவைக்கூடத் தொடக் கூடாதாம். துருவுக்கும் மதிப்பு உண்டாம்.

அவர் போனபின் அம்மா ஜன்னலைக் காட்டினாள். "அப்ப இந்தக் கம்பியெல்லாம் பேத்துக்கினு போவச் சொல்லுங்க. மேஜர் காலத்துத் துருதான்."

சித்தப்பா அன்றைக்குச் சிரித்தார். ஏனென்றால் அந்த மனிதர் கடைசியில் சொன்னது வேறொன்று. இந்தக் குடிசை சரியாக வந்துவிட்டால், அமெரிக்காவில் அவருடைய சிநேகிதர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள், உடைந்த சாமான்களையெல்லாம் பார்சலில் அனுப்புவார்கள், தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, மாதச் சம்பளத்துக்கு அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். "மீரே செய்யாலி" என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நீங்கள்தான் செய்ய வேண்டும். பதினோரு மாதமாக யாரும் சித்தப்பாவிடம் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. தசராவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பட்டான்செருவுக்குப் போவதா வேண்டாமா என்பது அன்றிலிருந்து அரை விரல் உயரத் தகரக் கேட்காரர் ஒருவரின் கையில் இருந்தது.

காயில் சுற்ற ஆரம்பித்தார். பழைய மின்விசிறியைப் பிரித்து எடுத்த எனாமல் கம்பி, தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். குறைந்தால் எரிந்துவிடும், கூடினால் இழுக்காது. எனக்கு அந்த எண்ணிக்கையைக் கலைப்பதில் அப்படி ஒரு ஆசை. எங்கள் தமிழில் ஊர் உருது கலந்துவிடும்; நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன், ஹவ் என்றால் ஆமாம்.

"முன்னூத்தி முப்பத்தெட்டு, முன்னூத்தி முப்பத்தொம்பது..."

"சித்தப்பா, ரயில் வராதப்போ இவரு யாருக்கு லாந்தர் காட்றாரு?"

"பேச நக்கோ. முன்னூத்தி நாப்பது."

"கைக்கு?"

"கைக்குன்னா கைக்குதான். முன்னூத்தி... போச்சு. போச்சுடி எருமை. முன்னூத்தி நாப்பதா, நானூத்தி முப்பதா?"

"எனக்கென்ன தெரியும், நீங்கதானே எண்ணினீங்க."

"ஹவ் ஹவ், நாந்தான் எண்ணினேன். உன்னை இந்த டப்பாக்குள்ள போட்டு மூடறேன் இரு."

கம்பியை முழுக்கப் பிரித்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். மூன்று தடவை அப்படிச் சுற்றவைத்தேன். கோபமே வரவில்லை. வேலை போன மனிதருக்கு வேலை நீளுவதில் ஏதோ ஒரு சுகம் இருந்திருக்கும்போல. நான்காவது தடவை நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றது. டிரான்ஸ்பார்மரில் கம்பியை வைத்ததும் படக்கென்று கதவு திறந்தது. கேட்காரர் வெளியே வந்தார். அம்மாகூடச் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "மீசைக்காரன் வந்துட்டாண்டி" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் மீசை. ஊசி முனையில் பஞ்சைச் சுற்றி, டர்பண்டைனில் தோய்த்து, தொட்டுத் தொட்டு எடுப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு தொடல். மூச்சை விட்டுவிட்டு ஒரு ஓய்வு. ஒரு நாளைக்கு மீசையில் கால்வாசி கூடக் கரையாது. அடியில் அச்சடித்த முகம் வெங்காயத் தோல் கனம்கூட இல்லை, அதற்குக் கீழே வெறும் தகரம். பழைய உதடு ஒரு நாள் வெளியே வந்தது, கடுகளவு சிவப்பு. அதை எனக்குப் பூதக்கண்ணாடியில் காட்டினார். சாயந்தர வெளிச்சம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முண்டாசு போய்விட்டது. மீசையில் வலது பாதி மிச்சம்.

ஆயுத பூசை வந்தது.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. பிழைப்புக்கு உதவுகிற எதுவானாலும் அன்று கழுவித் துலக்கிப் பொட்டு வைத்துப் பலகையில் ஏற வேண்டும். பலகையில் ஏறாத ஆயுதம் அந்த வருடம் சோறு போடாது என்பது நம்பிக்கை. அம்மா அதில் கண்டிப்பு. போன வருடம் சித்தப்பாவின் கம்பெனிக் குறடும் திருப்புளியும் பையிலேயே தங்கிவிட்டன, பலகையில் ஏறவில்லை. நோட்டீஸ் தொங்கினதுக்கு அதுதான் காரணம் என்று அவள் பல தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதை நான் கேட்டதுதான் வினை.

அன்று காலை சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு முனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறார் என்று அந்த மனிதரைக் கேட்க. அப்பா வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பில் சுண்டலோடு இருந்தாள். "இரும்பு தகரம்னு எது இருக்குதோ கொண்டும்போய்ப் புளி போட்டுத் தேய்டி. நல்லா பளிச்சினு இருக்கணும்" என்றாள். அரிவாள்மனை, கத்தரி, சுத்தியல், குறடு, என் ஜாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோனேன். தேய்த்தேன். அப்புறம் மேசையைப் பார்த்தேன்.

இந்த வருடம் சித்தப்பாவுக்குச் சோறு போடப் போவது குறடு இல்லையே, கேட்காரர் அல்லவா. அவரை விட்டுவிட்டால் பட்டான்செரு வந்துவிடுமே. இவ்வளவுதான் நான் யோசித்தது. ரங்கு தொடக் கூடாது என்று கேட்டவள்தான் நானும். ஆனால் தொடக் கூடாது என்றவர் அந்நியர். பூசைக்குத் துலக்கச் சொன்னவள் அம்மா. அதோடு, சித்தப்பாவே தினமும் தேய்த்துக்கொண்டுதானே இருக்கிறார், நான் முடித்து வைத்தால் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று ஒரு எண்ணம். காயிலில் தண்ணீர் படாமல் கீழ்ப்பகுதியைத் துணியால் சுற்றிக் கட்டினேன். அதில் ஜாக்கிரதையாக இருந்தேன்.

புளியும் தேங்காய் நாரும். மீசை போனது. எவ்வளவு சுலபம் என்று இருந்தது. மீசையோடு உதடு போனது. கன்னத்தில் சிவப்பு கலங்கி என் விரலில் வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். கூரை வெளுத்தது, கதவு வெளுத்தது, தகரம் புது அஞ்சறைப்பெட்டி மாதிரி மின்னியது. கழுவி வெயிலில் தூக்கிப் பிடித்தபோதுதான் பார்த்தேன். கோட்டு இருந்தது, லாந்தர் இருந்தது. முகம் இல்லை. கண் மூக்கு வாய் ஒன்றும் இல்லாமல் ஒரு பளபளப்பு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. பலகையில் வைத்தேன். சந்தனம் தொட்டு, நெற்றி இருந்த இடத்தை உத்தேசமாகக் கணக்குப் பண்ணிக் குங்குமம் வைத்தேன்.

அம்மா சுண்டல் பாத்திரத்தோடு வந்தவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள், ரொம்ப மெதுவாக, சத்தம் வந்துவிடக் கூடாது என்பதுபோல. அதே சமயம் வாசலில் சித்தப்பாவின் செருப்பு.

அவர் உள்ளே வந்து நின்றார். எப்போதும் வெளியிலிருந்து வந்தால் முதலில் மேசையைத்தான் பார்ப்பார். அன்று எதையும் பார்க்காமல் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் பலகை கண்ணில் பட்டது.

"யாரு தேய்ச்சது?"

நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா முந்திக்கொண்டாள்.

"நாந்தான் தம்பி. பூசைக்குன்னு. பழசா இருந்துச்சேன்னு."

அப்பா சைக்கிள் துணியோடு உள்ளே வந்து பார்த்தார். அப்பா அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். "ஒரு வருஷமா அவனைத் தொரத்தணும்னு பார்த்தே. தொரத்திட்டே. சாமி பேரைச் சொல்லித் தொரத்திட்டே." அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா குடிசையைப் பலகையிலிருந்து எடுத்தார். அவர் கத்துவார், அழுவார், எறிவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் தளர்ந்தது. ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தவருக்கு உட்கார இடம் கிடைத்த மாதிரி. மேசைக்குக் கொண்டுபோய்க் கம்பிகளை டிரான்ஸ்பார்மரில் வைத்தார். படக்கென்று கதவு திறந்தது. முகம் இல்லாத கேட்காரர் குங்குமப் பொட்டோடு லாந்தரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"ஓடுது அண்ணி. நல்லாத்தான் ஓடுது" என்றார்.

அப்புறம் என் கைகளைப் பார்த்தார். நகக்கண்களில் சிவப்பும் பச்சையும். பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் ஊரில் அன்று ஜம்மி இலையைப் பொன் என்று சொல்லிப் பெரியவர்கள் கையில் கொடுத்துக் கும்பிடுவார்கள். வன்னி மரத்து இலைதான். சித்தப்பா அப்பாவுக்குக் கொடுத்தார். அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் அம்மாவின் ஈரக் கையில் நாலு இலையை வைத்தார். "மாமாகிட்ட சொல்லிடுங்க அண்ணி. திங்கக்கிழமை வந்துடறேன்னு."

அம்மா இலையை மூடிக்கொண்டாள். "வேணாம் தம்பி. தீவாளி போவட்டும். மார்ச்சளியோட அங்க எதுக்கு. நான் அண்ணங்கிட்ட பேசிக்கறேன்."

"இல்ல அண்ணி. போறேன்."

போகச் சொல்லி ஒரு வருடம் மன்றாடியவள், போகாதே என்று ஐந்து நாள் மன்றாடினாள். அவருக்குப் பிடித்த வடகறி செய்தாள். மேசையைத் தானே துடைத்து வைத்தாள். அவர் மறுக்கவில்லை, சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு விதமான மரியாதையோடு, காயம்பட்டவர் மற்றவர்களை மன்னிக்கிற மாதிரி நடந்துகொண்டார். அந்த ஐந்து நாளும் வீட்டில் அவருக்கு இருந்த இடம் அதற்கு முன் ஒரு வருடத்தில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் வரவில்லை. சித்தப்பா போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். அந்தக் கார் நிற்கிற இடத்தில் அன்று முழுக்க ஒரு ஆடு படுத்திருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், நிறுத்தி நிறுத்திச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பட்டான்செருவில் அவர் ஐந்து மழைக்காலம் இருந்தார். பண்டிகைக்கு வந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒவ்வொரு தடவையும் சட்டை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆறாவது மழைக்கு அவர் இல்லை. மார்பு என்றார்கள். எடுத்துக்கொண்டு வந்து முன்னறையில் மேசை இருந்த இடத்தில் கிடத்தினார்கள். அதற்கப்புறம் அப்பா இருந்த வரைக்கும் அம்மாவிடம் பேசியது சாப்பாடு, மருந்து, தண்ணீர் வந்ததா என்பவை மட்டும்தான். அம்மா மரப்பெட்டியைப் பரணில் வைத்தாள். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஸ்டூல் போட்டு ஏறி, திறக்காமலே அதன் மேல் ஒரு பொட்டு வைத்துவிட்டு இறங்குவாள். முழங்கால் போன பிறகும் ஏறினாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளும் போனாள், நான் தேய்த்ததைத் தான் தேய்த்ததாகவே வைத்துக்கொண்டு. அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு வரி. ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பதினெட்டு நாளும் அது என் நாக்கில் இருந்தது. சொல்லாதே என்று சொன்னவரின் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று அதற்கு ஒரு பேர் வைத்துக்கொண்டேன். அந்தப் பேருக்கு அடியில் இருந்தது வேறு. அதைச் சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே என்ற பயம்.

அந்தத் திங்கட்கிழமை காலை அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அம்மா வாசலுக்கு வரவில்லை, சமையல்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நான்தான் மெயின் ரோடு வரைக்கும் கூடப் போனேன். ஸ்டாப்பில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போகிற கூடைக்காரிகள், கழுத்தில் அட்டை தொங்கும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பா இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். தலையை நன்றாக வாரியிருந்தார். பெரிய நஷ்டம் ஒன்று நேர்ந்த மனிதருக்குரிய நிமிர்வு அவரிடம் இருந்தது. சந்தில் வரும் வழியெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பாவம், அண்ணிக்காரி கெடுத்துவிட்டாள் என்று. அவர் தலையை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று "சித்தப்பா, அம்மா இல்ல, நான்..." என்று ஆரம்பித்தேன். பட்டான்செரு பஸ் வந்துவிட்டது. கூட்டம் தள்ளியது. அவர் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து என் காதருகே வந்தார். அவர் சொன்னதைக் கேட்டு என் மேலிருந்து ஒரு மலை இறங்கியது. வீடு வரைக்கும் ஓட்டமும் குதியுமாக வந்தேன். அம்மா சிவந்த கண்ணோடு, போயிட்டாரா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டபோது, ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் என் தோளிலிருந்து எதை எடுத்தார், எடுத்ததை யார் தோளில் விட்டுவிட்டுப் போனார், தன்னிடம் மிச்சமிருந்த எந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்தார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

"நீ தேய்ச்சதுனால ஒண்ணும் போவலடி. அந்தாளுக்கு அமெரிக்காவுலயே பெட்டி பிரிக்காத குடிசை ஒண்ணு கெடச்சிருச்சாம், காலைல போன்லயே வேணாம்னுட்டாரு. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."